வீட்டை விற்றுப் பார்

வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். இவ்விரண்டிலும் உள்ள தொல்லைகளை நன்கு அறிந்தவர்கள் அவர்கள். ஆனால், வீட்டை விற்றுப் பார் என்று அவர்கள் சொன்னதாகத் தெரியவில்லை. பிறந்த வீட்டிலேயே வாழ்ந்து, அந்த வீட்டிலேயே பேரப் பிள்ளைகளைக் கண்டு, அங்கிருந்தே கடைசிப் பயணமும் புறப்பட்டவர்களுக்கு அந்தப் பழமொழி தேவைப்படவில்லை போலும். இன்று நிலைமை வேறு. பிள்ளைகளில் ஒருவர் சென்னையில் இருக்கிறார்; மற்றொருவர் கோவையில்; இன்னொருவர் கடல் கடந்து எங்கோ. ஊரில் உள்ள வீட்டில் பூட்டுத் தொங்குகிறது. திண்ணையில் ஆடு படுத்திருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை வந்து ஒட்டடை அடித்துவிட்டுப் போகிறோம். பிறகு ஒரு நாள், விற்றுவிடலாம் என்று யாரோ ஒருவர் மெல்லச் சொல்கிறார். அந்தச் சொல் பிறந்த பின்னர் எழுகின்ற முதற் கேள்வி, நாமே விற்பதா, தரகர் ஒருவரை அமர்த்துவதா என்பதுதான். அதைப் பற்றியே இன்று உங்களோடு சற்று நேரம் பேச விரும்புகிறேன்.

தரகர் என்றவுடன் நம்மில் பலருக்கு முகம் சுளிக்கிறது. இருவர் செய்துகொள்ளும் காரியத்தில் மூன்றாமவர் ஒருவர் நுழைந்து, வெறும் பேச்சுக்குப் பணம் வாங்கிக்கொண்டு போகிறார் என்று நினைக்கிறோம். இந்த எண்ணத்தில் சிறிது உண்மை இருக்கலாம். ஆனால் இடைநின்று பேசுவோரைத் தமிழர்கள் எக்காலத்தும் இழிவாகக் கருதியவர்கள் அல்லர். ஊடல் கொண்ட தலைவிக்கும் தலைவனுக்கும் இடையே சென்று இணங்க வைப்போரைத் தொல்காப்பியம் வாயில்கள் என்று குறிப்பிடுகிறது. தோழி முதலாகக் கண்டோர் ஈறாகப் பன்னிருவரை அது எண்ணிச் சொல்கிறது. வாயில் என்றால் வீட்டின் வாசல்; இடைநின்று பேசுவோருக்கும் அதுவே பெயர். இருவர் நேரே பேச முடியாத போது, மூன்றாமவர் வழியாகவே பேச்சு உள்ளே நுழைய வேண்டியிருக்கிறது என்பதை அந்தச் சொல்லே காட்டுகிறது.

இன்னொரு காட்சியையும் நினைத்துப் பாருங்கள். மாட்டுச் சந்தைகளுக்குச் சென்றவர்கள் கண்டிருப்பார்கள். தரகர் தம் துண்டை விரித்துக் கையை மூடிக்கொள்வார். அதற்குள்ளே விரல்களைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. விற்பவருக்கு மானம் போகாமலும், வாங்குபவருக்கு ஆத்திரம் மூளாமலும் விலை ஏறி இறங்கி ஓரிடத்தில் நிற்கும். ஓர் உழவு மாட்டை விற்பதற்கே இவ்வளவு நுட்பம் வேண்டியிருந்தது என்றால், பெற்றோர் வாழ்ந்த வீட்டை விற்பதற்கு எவ்வளவு வேண்டியிருக்கும்!

இதை நான் எப்போதும் இப்படி நினைத்தவன் அல்லன். தரகர் வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தவன்தான் நானும். அந்தக் கதையைச் சொன்னால்தான் மற்றவை விளங்கும்.

கும்பகோணத்தில் எங்கள் தந்தையார் கட்டிய வீடு ஒன்று இருந்தது. 1975ஆம் ஆண்டில் மனை வாங்கி, 1978ஆம் ஆண்டில் கடன் பெற்றுக் கட்டினார். 2,100 சதுர அடி மனை. முன்னே திண்ணை, நடுவே சிறு முற்றம், பின்னே கிணறு. தந்தையார் 2006இல் மறைந்தார். தாயார் 2019இல் மறைந்தார். உயில் எதுவும் இல்லை. தமக்கையார் திருச்சியில் இருக்கிறார். தம்பி கோவையில் இருக்கிறான். நடுப்பிறந்தவனாகிய நான் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றுத் தஞ்சையில் இருக்கிறேன். ஊருக்கு அருகில் இருப்பவன் நான் ஆகையால், விற்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. 2023ஆம் ஆண்டின் நடுவில் அந்த வேலையைத் தொடங்கினேன்.

தரகர் வைத்துக்கொள்ளலாமே என்று தமக்கையார் அப்போதே சொன்னார். நம் வீட்டைப் பற்றி நம்மைவிட யாருக்குத் தெரியும், அந்தப் பணத்தை ஏன் வீணாக்க வேண்டும் என்று நான் மறுத்துவிட்டேன்.

முதலில் விலையை முடிவு செய்தேன். 85 இலட்சம் ரூபாய். அந்தத் தொகையை எப்படிக் கண்டேன் என்று இன்று என்னைக் கேட்டால் வெட்கமாக இருக்கிறது. பக்கத்துத் தெருவில் ஒருவர் அவ்வளவு கேட்டார் என்று யாரோ சொன்னார்கள். அவருக்கு அந்த விலை கிடைத்ததா என்று நான் விசாரிக்கவில்லை. அதற்கு மேல், தந்தையார் தம் கையால் தேர்ந்தெடுத்த தேக்கு நிலைக்கும், தாயார் நாற்பது ஆண்டு கோலமிட்ட வாசலுக்கும் நானாக ஒரு மதிப்பைச் சேர்த்துக்கொண்டேன். வாங்க வருபவர் அந்தக் கோலத்துக்கு ஏன் பணம் தர வேண்டும் என்ற எண்ணம் எனக்குத் தோன்றவே இல்லை.

இது என் ஒருவனுடைய பேதைமை மட்டும் அன்று. டேனியல் கானெமன், ஜாக் நெட்ஷ், ரிச்சர்டு தேலர் என்னும் மூவர் 1990ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்களில் பாதிப் பேருக்குச் சாதாரணக் குவளை ஒன்றைக் கொடுத்தார்கள். பெற்றவர்கள் அதை என்ன விலைக்கு விற்பார்கள் என்றும், பெறாதவர்கள் என்ன விலைக்கு வாங்குவார்கள் என்றும் கேட்டார்கள். சற்று முன்னர்தான் கைக்கு வந்த குவளை அது. அப்படியிருந்தும், வாங்குவோர் சொன்னதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு விலையை அதை வைத்திருந்தவர்கள் கேட்டார்கள். சில நிமிடம் கையிலிருந்த குவளைக்கே இந்தக் கதி. நாற்பத்தைந்து ஆண்டு வீட்டின் கதி என்னவாகும்?

வீட்டைப் பார்க்கப் பலர் வந்தார்கள். ஒருவர் சமையலறைக்குள் எட்டிப் பார்த்து, இருட்டாக இருக்கிறதே, இடித்துவிட்டுத்தான் கட்ட வேண்டும் என்றார். அந்த இருட்டில்தான் ஐயா எங்கள் அம்மா ஐந்து பேருக்குச் சமைத்தார் என்று நான் சற்று உரக்கவே சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் சொன்னதில் தவறு இல்லை. அந்தச் சமையலறை இருட்டுத்தான். அதை அவர் சொல்லவும் நான் கேட்கவும் ஏற்ற உறவு எங்களிடையே இல்லை, அவ்வளவுதான்.

மற்றொருவர் எங்கள் ஒன்றுவிட்ட சகோதரர். வீட்டை 50 இலட்சத்துக்குத் தாமே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். முகத்துக்கு நேரே மறுக்க எனக்கு மனம் வரவில்லை. பார்க்கலாம் என்று சொல்லி வைத்தேன். அந்தப் பார்க்கலாம் என்ற சொல் கோவை வரைக்கும் சென்றது. ஒரு நாள் இரவு தம்பி தொலைபேசியில் அழைத்தான். "அண்ணா, நீங்களும் அவரும் பேசி முடித்துவிட்டீர்களாமே?" என்றான். அவன் குரலில் சந்தேகம் இருந்தது. என்னை அவன் சந்தேகித்தது அதுவே முதல் முறை. நான் விளக்கினேன், அவனும் சரி என்றான். ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு தொகையையும் நான் சொல்லும்போது, மறுமுனையில் ஒரு சிறு மௌனம் இருந்தது. வீடு விற்காமல் போவதைவிட அந்த மௌனம்தான் என்னை வருத்தியது.

எட்டாம் மாதத்தில் ஒருவர் உடன்பட்டு, காசோலையாக ஒரு இலட்சம் முன்பணமும் கொடுத்தார். நான் முப்பது ஆண்டுக்கு வில்லங்கச் சான்று வாங்கி வைத்திருந்தேன். அதில் ஒன்றும் இல்லை. அவருடைய வழக்கறிஞரோ, வீடு கட்டிய நாள் வரைக்கும் பின்னோக்கித் தேடினார். 1978ஆம் ஆண்டில் தந்தையார் வீட்டுக்கடன் பெற்று எழுதிக் கொடுத்த அடமானம் அங்கே நின்றது. கடனை அவர் 1990இல் அடைத்துவிட்டார் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால், அடைத்ததற்கான ரசீதுப் பத்திரத்தைப் பதிவு செய்ய அவர் மறந்துவிட்டார். நாங்களும் பார்க்கவில்லை. ஏட்டின்படி, முப்பத்து நான்கு ஆண்டுக்கு முன் தீர்ந்த கடன் இன்னும் தீரவில்லை. வாங்க வந்தவர் முன்பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு போய்விட்டார். அந்த வீட்டில் ஏதோ வில்லங்கமாம் என்ற செய்தி மட்டும் ஊரில் தங்கிவிட்டது.

அதன் பிறகுதான், தமக்கையார் மீண்டும் சொன்னதைக் கேட்டு, ஒரு தரகரிடம் சென்றேன்.

வீட்டில் எத்தனை அறை, என்ன விலை என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். அவர் கேட்ட முதற் கேள்வி, "ஐயா, பத்திரத்தில் எத்தனை பேர் கையெழுத்துப் போட வேண்டும்?" என்பது. மூன்று பேர் என்றேன். "மூவரும் ஒரே விலைக்கு ஒத்துக்கொண்டிருக்கிறார்களா?" என்றார். நான் விடை சொல்லவில்லை. அவர் புரிந்துகொண்டார். தாம் சொந்தமாகக் கட்டிய வீட்டுக்கு உயில் எழுதாமல் ஒருவர் மறைந்தால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. மகள் கையெழுத்து இல்லாமல் மகன்கள் மட்டும் விற்றுவிடலாம் என்று இன்றும் நினைப்பவர்கள் இருக்கிறார்கள். தம் அனுபவத்தில், கடைசி நாளில் நின்றுபோன விற்பனைகளுள் பலவற்றை நிறுத்தியது விலை அன்று, வராத ஒரு கையெழுத்து என்று அவர் சொன்னார்.

பிறகு அவர் செய்தவை மூன்று.

முதலாவது, வீட்டை யாருக்கும் காட்டாமல் இரண்டு மாதம் நிறுத்தினார். அந்த இரண்டு மாதத்தில் தந்தையாருடைய இரும்புப் பெட்டியிலிருந்து பழைய தவணைச் சீட்டுகளைத் தேடி எடுத்தோம். கடன் கொடுத்த சங்கத்தார் தம் பேரேட்டைப் பார்த்து, கடன் தீர்ந்ததை உறுதி செய்து, ரசீதுப் பத்திரத்தில் கையெழுத்திட்டுப் பதிவு செய்து தந்தார்கள். வாரிசுச் சான்று, பட்டா, வீட்டுவரி இரசீது, கட்டட அனுமதி, மூலப் பத்திரம் ஆகிய எல்லாவற்றையும் வரிசைப்படுத்தினோம். இவையெல்லாம் நானே செய்திருக்கக் கூடியவைதாம். ஆனால், எதைச் செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாது. ஒரு மனிதன் தன் வாழ்நாளில் ஒரு வீட்டை விற்கிறான். மிஞ்சினால் இரண்டு வீடு. தரகருக்கு அதுவே நாள்தோறும் செய்யும் வேலை. இந்த வேறுபாட்டுக்குத்தான் நாம் கூலி கொடுக்கிறோம்.

இரண்டாவது, விலை. அக்கம்பக்கத்துத் தெருக்களில் அண்மையில் விற்ற நான்கு வீடுகளைச் சொன்னார். கேட்ட விலையைச் சொல்லவில்லை. கைமாறிய விலையைச் சொன்னார். அரசு குறித்துள்ள வழிகாட்டி மதிப்பையும் காட்டினார். தமிழ்நாட்டில் 2023ஆம் ஆண்டு ஏப்ரல் முதல், வாங்குபவர் முத்திரைத் தீர்வையும் மாற்றுத் தீர்வையுமாக நூற்றுக்கு ஏழும், பதிவுக் கட்டணமாக நூற்றுக்கு இரண்டும் செலுத்த வேண்டியிருக்கிறது. ஆகவே நாம் ஒரு விலை சொன்னால், வாங்குபவருடைய கணக்கில் அது அதைவிடப் பெரிய தொகை. "62 முதல் 65 வரை கிடைக்கும் ஐயா. 85 என்று சொன்னால் யாரும் பேரம் பேசவே வர மாட்டார்கள். குறைத்துக் கேட்பதற்கும் ஒரு நெருக்கம் வேண்டுமல்லவா?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆயினும் நான்கு பத்திரங்களோடு யார் வாதாடுவது?

மூன்றாவதாக அவர் செய்ததே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. யார் வந்து என்ன கேட்டாலும், அந்தச் செய்தியை எங்கள் மூவருக்கும் ஒரே நேரத்தில், ஒரே சொல்லில் எழுதி அனுப்பினார். என்னிடம் தனியே ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றுவிட்ட சகோதரர் கேட்ட 50 இலட்சத்தையும் அவ்வாறே எழுதினார். மூவர் விடையையும் பெற்று அவரே போய்ச் சொன்னார். மறுத்தவன் நான் என்ற மனக்குறை உறவினருக்கு இல்லை; மறைத்தவன் நான் என்ற ஐயம் தம்பிக்கு இல்லை. சில நாள் கழித்துத் தம்பியின் தொலைபேசிப் பேச்சில் அந்தச் சிறு மௌனம் இல்லாததைக் கவனித்தேன்.

வீட்டைக் காட்டும் நாளில் என்னை அங்கே வர வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். சமையலறையில் ஒரு வெளிச்சமான விளக்கு மாட்டச் சொன்னார். கிணற்றைச் சுத்தம் செய்யச் சொன்னார். வருபவரிடம் வங்கிக் கடனுக்கு வழி இருக்கிறதா என்று முன்னரே விசாரித்து, வேடிக்கை பார்க்க வருவோரை வாசலிலேயே தடுத்தார். சுவரில் விரிசல் இருப்பதை அவரே முதலில் காட்டினாராம். நமக்குத் தெரிந்த, வாங்குபவருக்குத் தெரியாத முக்கியக் குறைகளை விற்பவர் சொல்லிவிட வேண்டும் என்று 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டமே கூறுகிறது. சொல்லாமல் விற்பது சாமர்த்தியம் என்று நினைப்பவர்கள் பின்னர் வழக்கு மன்றத்தில் அதைக் கற்றுக்கொள்கிறார்கள்.

இதுவரை தரகரைப் புகழ்ந்தேன். இனி மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இல்லையேல் இந்தப் பேச்சு நேர்மையானதாகாது.

ஒருவர் 60 இலட்சத்துக்கு வந்து நின்றார். தரகர் எங்களை வற்புறுத்தினார். நல்ல ஆள், பணம் தயாராக இருக்கிறது, விட்டுவிட வேண்டாம் என்றார். நான் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். அவருக்கு நாங்கள் ஒத்துக்கொண்ட தரகு நூற்றுக்கு ஒன்று. இன்னும் சில வாரம் காத்திருந்து 63 இலட்சம் கிடைத்தால் எங்களுக்கு மேலும் மூன்று இலட்சம். அவருக்கோ மேலும் மூவாயிரம்தான். அந்த மூவாயிரத்துக்காக அவர் இன்னும் பத்துத் தடவை வெயிலில் நடக்க வேண்டும். இன்றே முடித்துக்கொள்ள அவர் விரும்புவது இயற்கை. அதில் வஞ்சகம் இல்லை. ஆனால் அவருடைய அவசரமும் எங்களுடைய நன்மையும் அந்த இடத்தில் பிரிந்துவிடுகின்றன.

அமெரிக்காவில் இதையே அளந்து பார்த்திருக்கிறார்கள். ஸ்டீவன் லெவிட், சாட் சிவர்சன் என்னும் பொருளியலறிஞர் இருவர், சிகாகோ வட்டாரத்தில் விற்பனையான ஏறத்தாழ ஒரு இலட்சம் வீடுகளை ஆராய்ந்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். தரகர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது, பிறருடைய அதே போன்ற வீட்டைக் காட்டிலும் ஒன்பது, பத்து நாள் அதிகமாகக் காத்திருந்து, நூற்றுக்கு 3.7 அளவு கூடுதல் விலை பெற்றார்கள் என்பது அவர்கள் கண்டது. அடுத்த ஆண்டில், விஸ்கான்சின் மாநிலத்து மாடிசன் நகரைப் பற்றிய மற்றோர் ஆய்வு வந்தது. தரகர் இல்லாமல் தாமே விற்றவர்களுக்கு விலை குறைந்துவிடவில்லை; விற்பதற்குத்தான் நாள் கூடுதலாயிற்று என்று அது காட்டியது. ஆகவே, தரகர் வந்தால் விலை தானே உயர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை. அவர் தருவது வேறு: காலச் சேமிப்பு, பத்திர ஒழுங்கு, இடைநின்று பேசும் வாய். விலையை முடிவு செய்யும் பொறுப்பு எப்போதும் நம்முடையதே.

நாங்கள் மூவரும் பேசி, காத்திருப்பது என்று தீர்மானித்தோம். தரகர் சற்று முகம் வாடினார். ஆனால் வேலையை விடவில்லை. மூன்று வாரம் கழித்து 63 இலட்சத்துக்கு ஒருவர் வந்தார்.

இனி, தரகரை அமர்த்த நினைப்போருக்குச் சில சொற்கள்.

பேச்சை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்களில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு கேட்பது வழக்கம். எவ்வளவு, எப்போது, எத்தனை மாதத்துக்கு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுவது நல்லது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் முகவரைப் பற்றித் தெளிவாகவே பேசுகிறது. வேறு ஒப்பந்தம் இல்லையானால், ஒப்புக்கொண்ட காரியம் நிறைவேறிய பிறகுதான் அவருக்குக் கூலி உரியதாகும். அவர் தாமே, நமக்குத் தெரியாமல், தம் பொருட்டு அந்தச் சொத்தை வாங்கிக்கொள்ளக் கூடாது. தம் வேலையில் முறைகேடு செய்தால் அந்த அளவில் கூலி கேட்கும் உரிமையை இழக்கிறார். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் எழுதப்பட்ட இந்த விதிகளை வீடு விற்பவர் அனைவரும் ஒரு முறை படித்துப் பார்க்கலாம்.

மூலப் பத்திரத்தை அவர் கையில் கொடுக்காதீர்கள், நகல் போதும். பொது அதிகாரப் பத்திரம் எழுதித் தராதீர்கள். முன்பணத்தை அவர் வாங்கி உங்களிடம் தருவதாக இருக்கக் கூடாது. உங்கள் வங்கிக் கணக்குக்கு நேரே வர வேண்டும். அதையும் ரொக்கமாக வாங்காதீர்கள். அசையாச் சொத்தின் விற்பனைக்காக 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் 2015ஆம் ஆண்டு ஜூன் முதல் தடுத்திருக்கிறது. மீறினால் பெற்ற தொகையளவுக்குத் தண்டம் விதிக்கலாம். தரகருக்குத் தரும் பணத்தையும் வங்கி வழியாகவே கொடுத்து இரசீது பெறுங்கள். வீட்டை விற்ற ஆதாயத்துக்கு வரி கணக்கிடும்போது, விற்பனைக்காகவே செய்த செலவு என்ற முறையில் தரகைக் கழித்துக்கொள்ளலாம். இரசீது இல்லாதவருக்கு இந்தச் சலுகை எப்படிக் கிடைக்கும்?

2016ஆம் ஆண்டில் நிறைவேறிய மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம், பதிவு பெற்ற புதிய திட்டங்களில் மனைகளையும் குடியிருப்புகளையும் விற்றுத் தரும் முகவர்கள் அரசு ஆணையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது. எங்கள் வீட்டைப் போன்ற பழைய வீட்டின் விற்பனை அந்த விதிக்குள் நேரே வராது. ஆயினும், பதிவு பெற்ற முகவர் என்றால் அவருக்கு ஒரு முகவரியும் கணக்கும் பொறுப்பும் இருக்கின்றன என்று அறிகிறோம். அது ஒரு நல்ல அடையாளம்.

எல்லோருக்கும் தரகர் வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. பல ஆண்டு குடியிருந்தவரே வாங்க முன்வருகிறார், விலையிலும் கருத்து வேற்றுமை இல்லை, கையெழுத்திட வேண்டியவர் ஒருவரே என்றால், நல்ல வழக்கறிஞர் ஒருவரும் பத்திரம் எழுதுபவர் ஒருவரும் போதும். ஆனால் பங்காளிகள் பலர் இருக்கும் வீடு, வெளியூரிலிருந்து விற்க வேண்டிய வீடு, பத்திரங்களில் பழைய முடிச்சுகள் உள்ள வீடு, நெஞ்சோடு ஒட்டிய வீடு, இந்த நான்குக்கும் இடைநின்று பேச ஒருவர் இருப்பது நல்லது.

2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் சார்பதிவாளர் அலுவலகத்தில் நாங்கள் மூவரும் ஒரே விசிப்பலகையில் அமர்ந்திருந்தோம். எங்கள் முறை வருவதற்குப் பிற்பகல் ஆகிவிட்டது. தமக்கையார் திருச்சியிலிருந்து புளியோதரை கட்டிக்கொண்டு வந்திருந்தார். தாயார் செய்வதைப் போலவே எள்ளை வறுத்துப் பொடித்துப் போட்டிருந்தார். தம்பி இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். தரகர் சற்றுத் தள்ளி நின்றிருந்தார். தமக்கையார் அவரையும் அழைத்து, இலை போட்டுப் பரிமாறினார்.

அவருக்குச் சேர வேண்டிய தொகை 63,000 ரூபாய். மூவரும் ஆளுக்கு 21,000 ரூபாய் அனுப்பினோம். தொடக்கத்தில் வீண் செலவு என்று நான் சொன்ன பணம் அது. பேருந்து நிலையத்துக்குப் போகும் வழியில் தமக்கையார், "வீடு போய்விட்டதே என்று நினைத்தேன் தம்பி. ஆனால் வருகிற பொங்கலுக்கு நீங்கள் இருவரும் என் வீட்டுக்கு வருவீர்கள் அல்லவா?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்கு முன்பே தம்பி, "அண்ணாவும் நானும் சேர்ந்தே வருகிறோம்" என்றான்.

வீட்டை விற்க எண்ணியிருக்கும் நேயர்கள், விலையைக் கேட்பதற்கு முன்னர், அந்தத் தரகர் என்னிடம் கேட்ட கேள்வியைத் தமக்குத்தாமே ஒரு முறை கேட்டுக்கொள்ள வேண்டும்: எத்தனை பேர் கையெழுத்து, அவர்கள் எல்லோரும் ஒரே மனத்தோடு இருக்கிறார்களா? இல்லை என்பது விடையானால், அந்த மனங்களுக்கு இடையே சென்று வரத் தக்க நேர்மையான ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். அவருக்கு உரிய கூலியைக் குறைக்காமல் கொடுங்கள். கணக்கை மட்டும் உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.